டூம் 2-க்கு முதல் மாட்: ‘கோயிங் டவுன்’ கட்டடத்தில் இறங்கப் போகிறவர்களுக்கு

உயரமான ஓர் அலுவலகக் கட்டடம். உங்களை அதன் உச்சியில் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தளத்திலும் பேய்க்கூட்டம். அடித்துத் தள்ளிவிட்டு லிஃப்டைப் பிடித்து அடுத்த தளத்துக்கு இறங்க வேண்டும். கதவு திறந்தால் அங்கேயும் கூட்டம். இப்படி இறங்கிக்கொண்டே போவதுதான் ‘கோயிங் டவுன்’. மொத்தம் 32 மேப் (ஆடுகளம்). டூம் 2 என்ற பழைய துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு ரசிகர் ஒருவர் தனி ஆளாகச் செய்து 2014-இல் இலவசமாக விட்ட மாட், அதாவது விளையாட்டின்மேல் ஏற்றி அதை மாற்றும் கோப்பு.

‘மோல்டி’ என்ற பெயரில் இதைச் செய்தவர் சிரியாக் என்ற ஆங்கிலேய அனிமேஷன் கலைஞர். மாடுகள் ஒன்றுக்குள் ஒன்று முளைத்து ஆடும் அவருடைய விசித்திர வீடியோவை யூட்யூபில் பார்த்திருப்பீர்கள். மாட் என்றால் மாடு இல்லை என்று புதியவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வேன். இவர் விஷயத்தில் மட்டும் அதை அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வீடியோக்களில் இருக்கும் குறும்பு இந்த மேப்களிலும் இருக்கிறது. முதல் மாட் என்று யார் கேட்டாலும் நான் இதைச் சொல்ல அதுதான் காரணம். தளங்கள் சின்னவை, எங்கே போவது என்று தெரியாமல் மணிக்கணக்கில் சுற்ற வேண்டியதில்லை. கஷ்டம் உண்டு, அதற்கு வழி கீழே சொல்கிறேன்.

போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம்

டூமை ஐடி சாஃப்ட்வேர் 1993 டிசம்பர் 10-இல் வெளியிட்டது. டூம் 2 அடுத்த வருடம் வந்தது. இரண்டிலும் விளையாட்டை ஓட்டும் நிரலான எஞ்சின் தனி, சரக்கு தனி. மேப், சுவர்ப் படம், பேய், சத்தம், இசை எல்லாம் ‘வாட்’ என்ற ஒரே வகைக் கோப்புக்குள் அடங்கிவிடும். ரசிகர்கள் மாற்றி விளையாடட்டும் என்று வேண்டுமென்றேதான் அப்படிப் பிரித்தார்கள்.

இது வேலை செய்யும் விதம் மளிகைக்கடை அலமாரி மாதிரி. புதுச் சரக்கு வந்தால் கடைக்காரர் அதை முன்வரிசையில் அடுக்குவார். நீங்கள் சோப்பு கேட்டால் முன்னால் இருப்பது கைக்கு வரும். முன்வரிசையில் இல்லாத பொருளைப் பின்னாலிருந்து எடுத்துத் தருவார். எஞ்சினும் அப்படித்தான். ‘மேப் 01’ எங்கே என்று தேடும்போது கடைசியாக ஏற்றிய மாட் கோப்பை முதலில் பார்க்கும். அங்கே இருந்தால் அதைத் திறக்கும், இல்லையென்றால் விளையாட்டோடு வந்த மூலக் கோப்புக்குப் போகும். ஷாட்கன்னை மாட் தொடவில்லையா, பழைய ஷாட்கன்னே வரும்.

ஆகவே மூலக் கோப்பை யாரும் திருத்த வேண்டியதில்லை. நகல் எடுத்து அதன்மேல் ஒட்டுவது, பெயர் மாற்றி மேலெழுதுவது, எதுவும் வேண்டாம். எனக்கு இது தெரியாத காலத்தில் ஒரு மாட் கோப்புக்கு மூலக் கோப்பின் பெயரையே வைத்து மேலே போட்டுவிட்டேன். மாட் ஓடவில்லை, விளையாட்டும் ஓடவில்லை. அன்று இரவு முழுக்க மறுபடி டவுன்லோட்.

மூலக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள்

டூம் 2 உங்களிடம் இருக்க வேண்டும். ஸ்டீம், ஜிஓஜி என்ற இணையக் கடைகளில் வாங்கலாம். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு டூமும் டூம் 2-உம் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. தள்ளுபடிக்குக் காத்திருந்தால் விலை நன்றாகவே இறங்கும்.

நிறுவியதும் அந்த ஃபோல்டருக்குள் ‘டூம்2’ என்ற பெயருள்ள வாட் கோப்பைத் தேடுங்கள். புதுத் தொகுப்பில் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவை அகப்படும். ‘ரீரிலீஸ்’ என்ற ஃபோல்டருக்குள் இருப்பது புதுப் பதிப்புக்காக மாற்றியது, அதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது பழைய 1.9 பதிப்பின் கோப்பு. வலது கிளிக் செய்து அளவைப் பாருங்கள்: சரியாக 1,46,04,584 பைட். எண் பொருந்தினால் அதுதான். அதை நகல் எடுங்கள். வெட்டி எடுக்க வேண்டாம், ஸ்டீம் தேடும்.

காசு செலவழிக்க மனமில்லை என்றால் ‘ஃப்ரீடூம்’ இருக்கிறது. மூலக் கோப்புக்குப் பதிலாக ரசிகர்கள் முழுக்கத் தாங்களே செய்து இலவசமாக விட்டது. அதில் ‘ஃபேஸ் 2’ என்பதை எடுங்கள், அதுதான் டூம் 2-க்கு ஈடு. பெரும்பாலான மேப் மாட்கள் அதன்மேல் ஓடும். பேய்களின் உருவமும் சத்தமும் மட்டும் வேறாக இருக்கும்.

எஞ்சின்

பழைய டூம் டாஸ் காலத்து நிரல். 1997 டிசம்பரில் அதன் மூல நிரலைப் பொதுவில் விட்டார்கள். அதை வைத்து ரசிகர்கள் இன்றைய கணினிகளுக்கு எழுதியவைதான் ‘சோர்ஸ் போர்ட்’ எனப்படும் எஞ்சின்கள். நிறைய இருக்கின்றன. புதியவருக்கு ஜிஇசட் டூம் போதும். 2025-இல் அதிலிருந்து பிரிந்த யூஇசட் டூமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், இந்தக் கட்டுரையில் சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். கணினி ரொம்பப் பழையது, இழுக்கிறது என்றால் டிஎஸ்டிஏ டூம் பாருங்கள். அது லேசானது, பழைய டூமின் நடத்தையை அப்படியே காப்பாற்றும். ஆனால் மெனு கொஞ்சம் வறட்சி.

ஜிப் கோப்பாக வரும். ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ பக்கம் போகாமல் டி டிரைவிலோ டாக்குமெண்ட்ஸிலோ ‘டூம்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் விரித்துவிடுங்கள். இன்ஸ்டால் என்று எதுவும் இல்லை. நகல் எடுத்த மூலக் கோப்பை எஞ்சின் பக்கத்திலேயே வையுங்கள்.

இப்போது மாட் எதுவும் இல்லாமல் ஒருமுறை எஞ்சினைத் திறந்து டூம் 2 ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு, பிறகு கோளாறு எஞ்சினிலா மாட்டிலா என்று தெரியாமல் முழிப்பவர்கள்தான் அதிகம். மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்று எஞ்சின் சொன்னால், தவறான ஃபோல்டரில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஃபோனில் விளையாட ஆண்ட்ராய்டில் ‘டெல்டா டச்’ என்ற கட்டணச் செயலி உண்டு. திரையில் விரலால் தேய்த்து இந்த மாட் விளையாடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கன்ட்ரோலர் மாட்டினால் வேறு கதை.

மாட் கோப்பும் கூடவே வரும் கடுதாசியும்

டூம் மாட்களுக்கு ‘ஐடிகேம்ஸ்’ என்ற பெரிய காப்பகம் இருக்கிறது, டூம்வேர்ல்டு தளம் வழியாகத் தேடலாம். கோயிங் டவுன் என்று போட்டால் வந்துவிடும். எஞ்சின் ஃபோல்டருக்குள் ‘மாட்கள்’ என்று ஒன்று, அதற்குள் ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் தனி ஃபோல்டர். பத்து மாட் சேர்ந்த பிறகு இந்தப் பழக்கத்தின் அருமை தெரியும்.

ஜிப்பை விரித்தால் வாட் கோப்புடன் ஓர் எழுத்துக் கோப்பும் வரும். அதை யாரும் திறப்பதில்லை. தயவுசெய்து திறந்து பாருங்கள். காப்பகத்தில் ஏறும் மாட்கள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே படிவம்தான், பழைய அரசு விண்ணப்பம் மாதிரி இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். மூன்று வரி பார்த்தால் போதும். ஒன்று, எந்த விளையாட்டுக்கு: டூமா, டூம் 2-ஆ. இரண்டு, என்ன எஞ்சின் தேவை. சில மாட் எதிலும் ஓடும், சில ஜிஇசட் டூமில் மட்டும்தான் ஓடும். மூன்று, கடின நிலைகள் உண்டா. அங்கே ‘இல்லை’ என்று இருந்தால், மெனுவில் எளிது என்று எடுத்தாலும் பேய்களின் எண்ணிக்கை குறையாது. அப்படிப்பட்ட மாட்களை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள்.

ஏற்றுவது

மாட் வாட் கோப்பை மவுஸால் பிடித்து இழுத்து எஞ்சின் நிரலின் ஐகான்மேல் போடுங்கள். அவ்வளவுதான். எஞ்சின் திறந்து எந்த விளையாட்டின்மேல் ஏற்றுவது என்று கேட்கும். டூம் 2-ஐத் தேர்ந்தெடுங்கள்.

இங்கேதான் பலர் தவறுவார்கள். டூமும் டூம் 2-உம் இரண்டுமே இருந்தால், கண் பார்க்காமல் மேலே இருப்பதைக் கிளிக் செய்துவிடுவோம். அப்போது பிழைச் செய்தி எதுவும் வராது. விளையாட்டு தொடங்கும், ஆனால் மாட் இருக்காது, பழைய டூமின் முதல் மேப் வந்து நிற்கும். காரணம் அலமாரிதான். முதல் டூமில் மேப்களின் பெயர் ‘அத்தியாயம் 1, மேப் 1’ என்று போகும், டூம் 2-இல் ‘மேப் 01’ என்று போகும். எஞ்சின் கேட்கும் பெயரில் மாட் கோப்புக்குள் எதுவும் இல்லை, அதனால் பின்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டது. என் தம்பி ஒரு சனிக்கிழமை முழுக்க இப்படிப் பழைய டூமை விளையாடிவிட்டு, “அண்ணா, கட்டடம் எப்போ வரும்?” என்று கேட்டான்.

இன்னொரு எச்சரிக்கை. ஆயுதங்களையும் ரத்தத்தையும் மாற்றும் மாட்கள் தனியாக உண்டு, ‘ப்ரூட்டல் டூம்’ மாதிரி. இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் முதல் தடவை வேண்டாம். மோல்டி ஒவ்வோர் அறையிலும் இத்தனை பேய், இத்தனை தோட்டா என்று எண்ணி வைத்திருக்கிறார். உங்கள் துப்பாக்கியின் பலம் மாறினால் அந்தக் கணக்கு கலைந்துவிடும்.

தொட வேண்டிய அமைப்புகள்

குதிப்பதையும் குனிவதையும் அணைத்துவிடுங்கள். பழைய டூமில் இரண்டும் கிடையாது, ஜிஇசட் டூம் தானாகச் சேர்த்துக் கொடுக்கிறது. குதிக்க முடியாது என்று நம்பி வரைந்த மேப்பில் குதித்தால் என்ன ஆகும்? வேறொரு மாட்டில் ஒரு ஜன்னல் விளிம்பைத் தாண்டிக் குதித்தேன். கீழே அறை, சாவி கண்முன்னே. பெருமையாக எடுத்துக்கொண்டு திரும்பினால் வெளியே போக வழி இல்லை. நடந்து வந்திருந்தால் தரையில் ஒரு கோட்டைத் தாண்டியிருப்பேன், அந்தக் கோடுதான் கதவைத் திறப்பது. நான் அதன் மேலேயே போகவில்லை.

‘எப்போதும் ஓட்டம்’ என்பதை இயக்கிவிடுங்கள். டூமில் நடந்து பிழைத்தவர் இல்லை. படங்கள் மங்கலாகக் குழைந்து தெரிந்தால், டெக்ஸ்சர் ஃபில்டரை ‘எதுவும் வேண்டாம்’ என்று மாற்றுங்கள், கட்டம் கட்டமாகக் கூர்மையாக வரும். மவுஸால் மேலும் கீழும் பார்ப்பது உங்கள் இஷ்டம்.

எந்த நிலை?

ஐந்து நிலைகள். மெனுவில் கிண்டலான பெயர்களில் இருக்கும். முதல் நிலை ‘சாகிற வயசில்லை எனக்கு’ என்ற தொனி, கடைசி ‘நைட்மேர்’. முதல் இரண்டு நிலைகளிலும் ஒரே எண்ணிக்கையில்தான் பேய்கள் வரும். முதலாவதில் அடி பாதியாகவும் தோட்டா இரட்டிப்பாகவும் கிடைக்கும் என்பதுதான் வித்தியாசம். நான்காவதான ‘அல்ட்ரா வயலன்ஸ்’ பழம்தின்று கொட்டை போட்டவர்களுக்கு. நைட்மேரில் கொன்ற பேய்கள் திரும்ப எழுந்து வரும்.

கோயிங் டவுனுக்கு இரண்டாவதை எடுங்கள். கால் ஆஃப் டூட்டியில் எனக்குப் பத்து வருட அனுபவம் என்று நினைப்பவரும் இரண்டாவதையே எடுங்கள். அங்கே பழகிய ஒளிந்து சுடும் கை இங்கே உதவாது. மூன்றாவது தளத்திலேயே செத்துக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் முதல் நிலைக்கு இறங்கலாம், யாரும் பார்க்கவில்லை.

கட்டடத்துக்குள்

லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் சுடாதீர்கள். முதலில் பாருங்கள். டூமில் உங்கள் வெடிச்சத்தம் அறையிலிருந்து அறைக்குப் பரவி, கேட்கும் பேய்களை எழுப்பும். மேப்புக்கு வெளியே மூடிய பெட்டி அறைகளில் அடைத்து வைத்திருக்கும் கூட்டமும் அதில் சேர்த்தி. உங்கள் முதல் குண்டில் அவை விழித்துக் காத்திருக்கும். நீங்கள் ஒரு சாவியை எடுத்தவுடன் அறை நடுவில் பச்சை ஒளியோடு வந்து குதிக்கும். ‘அமைதியான அறை, நடுவில் பளபளவென்று ஒரு ஆயுதம்’ என்றால் அது பொறி. எடுக்கத்தான் வேண்டும். எடுக்கும் முன் எந்தப் பக்கம் ஓடுவது என்று தீர்மானித்துவிட்டு எடுங்கள்.

கூட்டம் வந்தால் பின்வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்வது இயல்பு. அது சாவு. வட்டமாக ஓடுங்கள். ஓடும்போது ஒரு பேய் வீசும் நெருப்பு இன்னொன்றின் முதுகில் படும். பட்டால் அவை இரண்டும் உங்களை மறந்து அடித்துக்கொள்ளும். ஒரே இனமாக இருந்தால் நெருப்புப் பந்து உறைக்காது, ஆகவே வேறு வேறு இனங்களை ஒரே கோட்டில் வரவழைக்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் ஜோம்பிகள் மட்டும் விதிவிலக்கு, அவர்கள் சொந்தச் சகாக்களோடும் சண்டைக்குப் போவார்கள். இந்தக் கட்டடத்தின் குறுகலான அறைகளில் என் தோட்டாவில் பாதி இப்படித்தான் மிச்சமாகிறது.

சூப்பர் ஷாட்கன்தான் உங்கள் சோறு. இரண்டு தோட்டா தின்னும், ஆனால் சாதாரண ஷாட்கன்னின் 7 ரவைக்கு இது 20 ரவை கொட்டும். மூக்குக்கு நேரே வைத்து அடித்தால்தான் பலன். ராக்கெட் லாஞ்சரை இந்த அளவு அறைகளில் எடுக்கும்போது ஜாக்கிரதை. நான் இந்த மாட்டில் செத்ததில் கணிசமானவை என் ராக்கெட்டிலேயே.

யாரை முதலில் அடிப்பது என்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் முன்னால் ஆர்ச்-வைல், அந்த வெளிறிய, எலும்பும் தோலுமான உயரமான உருவம். செத்துக் கிடப்பவற்றை அது நடந்து நடந்து எழுப்பும். கையை உயர்த்தினால் உங்கள் கண்முன்னே தீ ஆடும், இரண்டு மூன்று நொடியில் பெரிய அடி விழும். ஆனால் அந்தத் தீ முடியும் கணத்தில் உங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு தூண் இருந்தால் ஒன்றும் ஆகாது. தீயைப் பார்த்ததும் சுடுவதை நிறுத்திவிட்டுத் தூணுக்கு ஓடுங்கள், வெடித்ததும் வெளியே வந்து இரண்டு அடி, மறுபடி தூண். அடுத்து செயின்கன் என்ற விடாமல் சுடும் துப்பாக்கியை வைத்திருப்பவன். அவன் குண்டை விலகித் தப்ப முடியாது, பார்த்த மாத்திரத்தில் சுடுங்கள். மிச்சம் எல்லாம் அப்புறம்.

சேவ்

எஃப்6 அழுத்தினால் சேவ், எஃப்9 அழுத்தினால் கடைசிச் சேவ் திரும்பும். ஒவ்வொரு தளத்தின் தொடக்கத்திலும் ஜிஇசட் டூம் தானாகவும் ஒன்று வைக்கும். ஒரே சேவை மட்டும் மேலே மேலே எழுதிக்கொண்டு போகாதீர்கள். உடல்நலம் 4 சதவீதம், முகத்துக்கு நேரே ராக்கெட் வந்துகொண்டிருக்கும்போது விரல் பழக்கத்தில் எஃப்6-ஐ அழுத்தும் நாள் எல்லாருக்கும் வரும். தளத்துக்கு ஒன்றாவது மெனு வழியாகத் தனியாகப் பெயரிட்டு வையுங்கள்.

பாதிக் கட்டடம் இறங்கியிருக்கும்போது எஞ்சினின் புதுப் பதிப்பு வந்துவிட்டது என்று மாற்றாதீர்கள், பழைய சேவ் திறக்காமல் போகலாம். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம். புது ஆட்டம் தொடங்கி கீபோர்டில் ஐ, டி, சி, எல், இ, வி என்று வரிசையாகத் தட்டி, உடனே தள எண்ணை இரண்டு இலக்கமாகத் தட்டினால் நேரே அந்தத் தளத்துக்குப் போகலாம். கையில் கைத்துப்பாக்கியும் 50 தோட்டாவும் மட்டும் இருக்கும். வேண்டுமென்றே ஒவ்வொரு மேப்பையும் அப்படித் தொடங்குபவர்கள் உண்டு, நல்ல மேப் எழுத்தாளர்கள் அதற்கும் வழி வைத்திருப்பார்கள்.

முடித்த பிறகு

டூம்வேர்ல்டு 2004 முதல் ஒவ்வொரு வருடமும் நல்ல மாட்களுக்கு ‘காகோவார்ட்’ விருது கொடுத்து வருகிறது. கோயிங் டவுனுக்கும் 2014-இல் கிடைத்தது. பழைய பட்டியல்களை மேய்ந்தாலே பல வருடத்துக்குக் காணும். என்னைக் கேட்டால் அடுத்ததாக 2003-இல் வந்த ‘ஸ்கைத்’. அதன் முதல் 20 மேப் ஐந்து ஐந்து நிமிடம்தான், கடைசிப் பத்து வேறு ரகம். கண்ணுக்கு விருந்து வேண்டுமென்றால் டூமின் 25-வது பிறந்தநாளான 2018 டிசம்பர் 10-இல் வந்த ‘எவிட்டர்னிட்டி’. 2023-இல் பேசப்பட்ட ‘மைஹவுஸ்’ சாதாரண வீடு ஒன்றில் தொடங்கும். அதைப் பற்றி எதுவும் படிக்காமல், ஜிஇசட் டூம் குடும்ப எஞ்சினில் மட்டும் போடுங்கள்.

கோயிங் டவுன் பிடிக்கவில்லை என்றால் அதன் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். மூலக் கோப்பில் ஒரு பைட்கூட மாறியிருக்காது. சந்தேகம் இருந்தால் வலது கிளிக் செய்து அளவைப் பாருங்கள், அதே 1,46,04,584 தான்.